வாயனசாலை மாடியில் லினோ அச்சுப் படங்கள்: 20 தாள் எடுத்ததும் பிளாக்கை வெட்டிவிட வேண்டுமா?

கரும்பனை | சனி, இரவு 9.40

எங்கள் ஊர் வாயனசாலையின், அதாவது நூலகத்தின், மாடி ஹாலில் ஒரு வாரமாக லினோ அச்சுப் படக் கண்காட்சி நடக்கிறது. ஊர் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கேரளப் பக்கம். லினோ என்ற தகட்டில் உளியால் படத்தை வெட்டி, அந்த பிளாக்கில் மை ஏற்றித் தாளில் எடுப்பதுதான் லினோ அச்சு. மொத்தம் 34 படங்கள். செய்தவர் இங்கே தமிழ் மீடியம் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

முதலில் பார்த்ததைச் சொல்கிறேன். படியேறியதும் எதிரில் இருப்பது 'கிழக்குக் காற்று'. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று இருக்கிறதே, ராத்திரி முழுக்க ஓட்டுக்கூரையைத் தட்டிக்கொண்டே இருக்குமே, அதுதான் படம். நாலு கரும்பனை, ஒரு வரப்பு. வேறு எதுவும் கிடையாது. வானம் முழுக்கக் கறுப்பு. அதில் வலமிருந்து இடமாக மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான வெள்ளைக் கோடுகள். பனையோலைக்கு அருகில் வரும்போது கோடு சற்று வளைகிறது, தாண்டியதும் சிதறுகிறது. அத்தனையும் 'வி' வடிவ நுனி கொண்ட ஒரே ஒரு உளியால் வெட்டியது. எதிரில் நின்றபோது எனக்கு அந்தக் காற்றின் சத்தமே கேட்டது.

இன்னொன்று முதலமடைப் பக்கத்து மாந்தோப்புக் கொட்டகை. பெண்கள் வைக்கோல் மேல் உட்கார்ந்து மாங்காய் தரம் பிரிக்கிறார்கள். மஞ்சள், பச்சை, கறுப்பு மூன்றே நிறம். யாருக்கும் முகம் முழுசாகத் தெரியாது, கைகள்தான் படம் நிறைய. அப்புறம் ஒரு பஸ் போர்டு. தமிழிலும் மலையாளத்திலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகை. அதில் தமிழ் 'ழ' திரும்பிக் கிடக்கிறது. டீச்சர் லினோ வெட்டப் பழகிய முதல் மாதம் செய்ததாம். எழுத்தைத் தலைகீழாக, அதாவது இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பது அந்த ஒரு எழுத்தில் மட்டும் மறந்துபோயிற்று என்றார். அதையும் ஒளிக்காமல் மாட்டியிருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் 20 தாள்தான். ஒரு தாள் 1,200 ரூபாய். கடைசி நாள் எல்லா பிளாக்கிலும் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிடப் போகிறாராம், இனி யாரும் அதிலிருந்து எடுக்க முடியாதபடி. என் மாமா கூட வந்திருந்தார். "அச்சுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு ரூபாய்?" என்று கேட்டார். எனக்கு அவருக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிளாக்கை வெட்டுவதும் மனசுக்கு ஒப்பவில்லை. அந்த நாலு பனையைக் குறுக்கே கீறுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாந்தோப்பு | சனி, இரவு 10.15

எனக்கும் உங்கள் மாமாவின் சந்தேகம்தான். குறையாகச் சொல்லவில்லை. கையால் வரைந்த படம் என்றால் ஒன்றுதான் இருக்கும், அதற்கு விலை வைத்தால் புரிகிறது. அச்சடித்தால் எல்லாமே நகல்தானே? அசல் எது?


பழைய கம்பாசிட்டர் | ஞாயிறு, காலை 6.50

பொள்ளாச்சியில் ஒரு சின்ன அச்சகத்தில் 27 வருஷம் ஈய எழுத்துக் கோத்தவன் நான். ஆஃப்செட் அச்சு வந்து எங்கள் வேலை போகும் வரை, காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு மெஷின் பக்கத்தில்தான் வாழ்க்கை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லினோ என்பது முதலில் தரைவிரிப்பு. 1860களில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் வால்டன் என்பவர் கண்டுபிடித்தது. ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் பிசினும் சேர்த்து, சணல் துணி மேல் தகடாக அழுத்துவார்கள். இப்போது கடையில் தரைக்கு விற்கிற பிளாஸ்டிக் விரிப்பு வேறு, அதை வாங்கி வெட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். நிஜ லினோவைத் திருப்பினால் சணல் தெரியும், மோந்தால் எண்ணெய் வாசனை வரும்.

மரத்தில் வெட்டினால் இழை ஓடுகிற திசையில் உளி இழுத்துக்கொண்டு போகும். லினோவில் இழையே கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் உளி ஒரே மாதிரி ஓடும். நம் வெயிலில் பத்து நிமிஷம் வைத்து எடுத்தால் லினோ இன்னும் மிருதுவாகும்.

எங்கள் அச்சகத்தில் இதை என்ன செய்தோம் தெரியுமா? திருவிழா நோட்டீஸுக்குப் பெரிய எழுத்து வேண்டும், ஈயத்தில் அந்த அளவு இருக்காது. முதலாளி லினோவில் வெட்டச் சொல்வார். வெட்டி, பலகையில் ஒட்டி, ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாகக் கொண்டுவர வேண்டும். அது 0.918 அங்குலம். ஒரு மயிர் உயர்ந்தாலும் தாள் கிழியும், தாழ்ந்தால் மை பிடிக்காது. அடியில் சிகரெட் தாள் வைத்துச் சரி பார்ப்போம். அப்படி ஏற்றிய பிளாக்கில் ஆயிரம் நோட்டீஸ் ஓட்டியும் விளிம்பு மழுங்கவில்லை.

ஆகவே தம்பி, 20 தாளோடு லினோ தேய்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டீச்சர் நிறுத்துவது வேறு காரணத்துக்காக இருக்கும்.

அசல் எது என்று மாந்தோப்பு கேட்டதற்கு: வெட்டிய பிளாக்கைப் பார்த்தால் அதில் படமே இருக்காது. திரும்பிய பள்ளமும் மேடும்தான் இருக்கும். படம் தாளில்தான் முதல் தடவை பிறக்கிறது.


வேலந்தாவளம் பஸ் | ஞாயிறு, காலை 8.05

கம்பாசிட்டர் ஐயா, கடைசி வரியை என் பையனுக்குப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டுப் பூப் பூவாக அச்சு வைத்தோமே, அதில் எந்தப் பூ அசல் என்று திருப்பிக் கேட்டான்.


நகரித் தறி | ஞாயிறு, காலை 10.30

நான் ஆந்திரா எல்லைப் பக்கம், நகரி. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. தறிக்குடும்பம். இந்தக் கேள்வி எங்களுக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

எங்கள் பக்கத்தில் ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரி இருக்கிறது. மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி சுற்றி, அதை மையில் தொட்டுத் துணியில் கையாலேயே எழுதுவார்கள். அதே ஆந்திராவில் மச்சிலிப்பட்டினம் கலம்காரி மரக்கட்டை அச்சு. தேக்கில் செதுக்கிய கட்டையை மையில் ஒற்றித் துணியில் வைத்து, உள்ளங்கையால் தட்டுவார்கள். ஒரே கட்டையில் எத்தனையோ புடவை. அதில் எந்தப் புடவை அசல் என்று வாங்குகிற பெண்கள் யாரும் கேட்பதில்லை. எல்லாமே அசல் மச்சிலிப்பட்டினம்தான். அதே டிசைனை மில்லில் ஸ்க்ரீன் போட்டு அடித்துக் கொடுத்தால் அதைத்தான் நகல் என்கிறோம்.

அச்சு வெல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பலகைக் குழியில் ஊற்றி எடுத்த நூறு வெல்லத்தில் எது அசல், எது நகல்? பொங்கலுக்கு எதைப் போட்டாலும் ஒரே இனிப்புதான். ஒரு குழந்தை அப்பாவை உரித்து வைத்திருந்தால் 'அச்சு அசலாக அப்பாதான்' என்கிறோம். நம் பேச்சில் அச்சும் அசலும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஜெராக்ஸ் வந்த பிறகுதான் இந்தக் குழப்பம் வந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உலகம் முழுக்க அச்சுக்கலை படிக்கிறவர்கள் பெயர் சொல்லும் கிருஷ்ணா ரெட்டி எங்கள் சித்தூர் மாவட்டத்துக்காரர். நந்தனூர் என்ற கிராமத்தில் 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்து, பாரிஸ் போய், ஒரே உலோகத் தகட்டில் ஒரே தடவையில் பல நிறம் அச்சிடும் முறையை மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். ஒரு மை எண்ணெய் குறைந்து கெட்டியாக இருக்கும், இன்னொன்று எண்ணெய் மிகுந்து இளகியிருக்கும். ஒன்றோடொன்று கலக்காமல் தகட்டின் மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனியாகத் தங்கும். 2018இல் நியூயார்க்கில் இறந்தார். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது. உங்கள் ஊர் வாயனசாலை மாதிரி ஒரு இடம் எங்கள் பக்கம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.


செதுக்குளி | ஞாயிறு, மதியம் 2.20

நான் அச்சுக்கலை முறையாகப் படித்தவள். இப்போது கோவையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். எண்ணிக்கை பற்றி மட்டும் சொல்கிறேன்.

தாளின் கீழே இடது மூலையில் பென்சிலால் 7/20 என்று இருந்தால், 20 தாளில் இது ஏழாவது என்று பொருள். நடுவில் தலைப்பு, வலது பக்கம் கையெழுத்து. ஏ.பி. என்று இருந்தால் கலைஞர் தனக்காக வைத்துக்கொள்ளும் தாள். முதலாவது உயர்த்தி, இருபதாவது மட்டம் என்று எதுவும் இல்லை, லினோவில் இரண்டும் ஒன்றுதான்.

இந்த வழக்கம் வலுப்பட்டதற்கு உலோகத் தகடு ஒரு காரணம். செப்புத் தகட்டில் ஊசியால் நேராகக் கீறும் முறையில், கீறலின் ஓரத்தில் எழும் பிசிறுதான் அந்த மென்மையான கறுப்பைத் தருகிறது. அழுத்த அழுத்த அந்தப் பிசிறு நசுங்கிவிடும். நல்ல தாள் கொஞ்சமே கிடைக்கும். லினோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஐயா சொன்னது சரி.

ஆனால் கரும்பனை சொன்ன மாங்காய்ப் படம் வேறு வகை என்று நினைக்கிறேன். மூன்று நிறத்தை ஒரே பிளாக்கில் எடுத்திருந்தால் அது குறைத்து வெட்டும் முறை. முதலில் வெள்ளையாக விட வேண்டியதை மட்டும் வெட்டிவிட்டு, எல்லாத் தாளிலும் மஞ்சள் அடிப்பார்கள். அப்புறம் மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களை வெட்டி எடுத்துவிட்டு, அதே தாள்களின் மேல் பச்சை. மறுபடி வெட்டிவிட்டுக் கறுப்பு. கடைசியில் பிளாக்கில் கறுப்புக்கான மேடு மட்டும்தான் மிச்சம். மஞ்சளுக்குத் திரும்பிப் போக வழியே கிடையாது. முதல் நாள் 20 தாள் அடித்தால் 20தான், அதிலும் நிறம் சரியாக உட்காராமல் இரண்டு மூன்று கெடும். 1950களின் கடைசியில் பிக்காசோ தெற்கு பிரான்ஸில் இந்த முறையில் நிறையச் செய்தார். இதில் பிளாக் தானாகவே அழிந்துவிடுகிறது, அதற்கு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

கேள்வி கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத்தான். அங்கே டீச்சர் பக்கம்தான் நான். 20 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒருவரிடம் காசு வாங்கிவிட்டால் அது வாக்கு. நாளைக்கு அவர் பேரன் பிளாக்கை எடுத்து இருநூறு அடித்து விற்றால் வாங்கியவருக்குச் செய்த துரோகம். வெட்டிவிட்டால் அந்தப் பயம் யாருக்கும் இல்லை.


கொல்லங்கோட்டு வாசகி | ஞாயிறு, மாலை 5.45

செதுக்குளி தங்கச்சி சொன்ன வாக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன்.

லினோவைக் கலைக்கு எடுத்துக்கொண்டவர்கள் ஏன் எடுத்தார்கள்? மலிவு என்பதால். செம்பு வாங்க முடியாதவன், பெரிய பிரஸ் இல்லாதவன், ஒரு உளியும் தாளைத் தேய்க்க ஒரு கரண்டியும் வைத்துக்கொண்டு படம் போடலாம் என்பதால். தாகூர் குழந்தைகளுக்கு எழுதிய வங்காள அரிச்சுவடிக்கு ஓவியர் நந்தலால் போஸ் லினோவில்தான் படம் வெட்டினார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நடந்துபோகும் காந்தியை வெட்டினார். கையில் கோல், கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோட்டில் ஒரு கிழவர் நடக்கிறார். அந்தப் படத்தைப் பார்க்காத இந்தியர் குறைவு. அது இருபது பேர் வீட்டுச் சுவரோடு நின்றிருந்தால்?

ஓவியர் சித்தபிரசாத்தை நினைத்துப் பாருங்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் ஊர் ஊராக நடந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை வரைந்து எழுதியவர். அதைப் புத்தகமாகப் போட்டபோது பிரிட்டிஷ் அரசாங்கம் பறித்து எரித்தது. அவர் பிற்பாடு லினோவில் உழவர்களையும் வேலைக்குப் போகும் சிறு பிள்ளைகளையும் வெட்டினார். மலிவாகப் பலர் கைக்குப் போக வேண்டும் என்றுதான் செய்தார், எண்ணிக்கைக்கு வேலி போடவில்லை.

நம் டீச்சர் வெட்டியிருப்பது யாரை? மாங்காய் தரம் பிரிக்கிற பெண்ணை. அவள் ஒரு நாள் கூலியில் தன் கையைத் தானே சுவரில் மாட்டிக்கொள்ள முடியுமா? 1,200 ரூபாயில் முடியாது. அந்தப் படம் குறைத்து வெட்டும் முறை என்றால் சரி, விதி. பனைமரப் படத்தையாவது விடுங்கள். பிளாக்கைக் கீற வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.


பழைய கம்பாசிட்டர் | ஞாயிறு, மாலை 6.30

அம்மா, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்தது. அச்சகம் மூடின அன்றைக்கு முதலாளி ஈய எழுத்து எல்லாவற்றையும் கிலோ கணக்கில் போட்டார். லினோ எழுத்துகளைக் குப்பையோடு எரித்தார்கள். நான் வெட்டின ஒரே ஒரு 'ஓ' மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். இன்றைக்கும் மை தடவினால் விழும்.

ஆனாலும் வேலை செய்தவர் கையில் விட்டுவிட வேண்டிய முடிவு இது என்றுதான் தோன்றுகிறது.


செதுக்குளி | ஞாயிறு, இரவு 8.10

வாசகி அக்கா, சித்தபிரசாத் எனக்கும் தெய்வம் மாதிரி. அவர் எப்படிப்பட்ட வறுமையில் வாழ்ந்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் இல்லையா? டீச்சர் ஒரு பிளாக்குக்கு ஒரு மாதம் உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 தாளும் விற்றால் 24,000. அதில் கையால் செய்த தாள், மை, உளி, கண்ணாடிச் சட்டம் எல்லாம் போக வேண்டும். கூலிக்காரப் பெண்ணின் கையைக் கொண்டாடுகிற நாம், உளி பிடித்த பெண்ணின் கைக்கும் கூலி கொடுக்க வேண்டும். விலையைக் குறை என்று சொல்வது நமக்குச் சுலபம்.


கொல்லங்கோட்டு வாசகி | ஞாயிறு, இரவு 8.25

விலையைக் குறைக்கச் சொல்லவில்லை கண்ணு. எண்ணிக்கையைத்தான் கேட்கிறேன். இருநூறு பேரிடம் 120 ரூபாய் வாங்கினாலும் அதே 24,000தான்.


செதுக்குளி | ஞாயிறு, இரவு 8.50

இருநூறு தாளைக் கரண்டியால் தேய்த்துப் பாருங்கள் அக்கா. ஒரு தாளுக்குக் கால் மணி நேரம். தோள்பட்டை என்ன ஆகும்? டீச்சருக்கு அறுபது தாண்டிவிட்டது.


கரும்பனை | செவ்வாய், இரவு 10.05

இங்கே எல்லோரும் எழுதியது முழுவதையும் டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். வாசகி அக்கா எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். உடனே எதுவும் பேசவில்லை. "வா, ஒன்று அடித்துக் காட்டுகிறேன்" என்று வீட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் என் மாமாவுக்கு நான் தேடின பதில் அங்கே கிடைத்தது.

பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்று. அதில் சுண்டைக்காய் அளவு கறுப்பு மை. ஆஃப்செட் மையேதான், ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டு இளக்கிக்கொள்கிறார். ரப்பர் ரோலரை முன்னும் பின்னும் ஓட்டுகிறார். முதலில் சளசள என்று ஈரச் சத்தம். ஓட்ட ஓட்ட அது மாறி, தோசைக்கல்லில் எண்ணெய் பொரிகிற மாதிரி மெல்லிசாக ஒரு 'ஸ்ஸ்' வந்தது. "இந்தச் சத்தம் வந்தால்தான் மை சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். கூடினால் மயிரிழைக் கோடுகள் அடைந்துபோகும், குறைந்தால் கறுப்பு சாம்பலாகும்.

பிளாக்கில் மையை நாலு திசையிலும் ஏற்றினார். மேலே தாளை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார், நானும்தான். ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. அப்புறம் மரக் கரண்டியின் முதுகால் தேய்க்க ஆரம்பித்தார். சாம்பார் கரண்டி, கைப்பிடி வழவழவென்று ஆகியிருந்தது. நடுவிலிருந்து வெளியே, வட்டம் வட்டமாக. மூலையை மெதுவாகத் தூக்கிப் பார்க்கிறார், கறுப்பு விழாத இடத்தில் மறுபடி தேய்க்கிறார். பதினெட்டு நிமிஷம் ஆயிற்று, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உரித்து எடுத்தபோது பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

அந்தத் தாளை மாட்டியிருக்கும் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது பனையின் அடியில் இதில் கொஞ்சம் கறுப்பு அழுத்தம். அதில் அந்த இடம் மணல் தூவின மாதிரி. இரண்டும் ஒரே பிளாக், ஒரே கை. இரண்டு நாள், இரண்டு காற்று. இதை யாராலும் நகல் என்று சொல்ல முடியாது. மாமாவை அடுத்த நாள் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் கரண்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார், பேசாமல் திருப்பிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாராம்.

செதுக்குளி, மாங்காய்ப் படம் நீங்கள் சொன்ன முறையேதான். 24 தாளில் ஆரம்பித்து நாலு கெட்டுப்போய் 20 நின்றதாம்.


மாந்தோப்பு | புதன், காலை 7.15

நேற்று சாயங்காலம் தோப்பு வேலை முடிந்து போயிருந்தேன். மாங்காய்ப் படத்தின் முன்னால் என்னோடு வேலை செய்கிற நாலு பேரும் நின்றார்கள். ஒரு அம்மா, "கட்டை விரலை இப்படித்தான் காம்புக்குப் பக்கத்தில் வைப்போம், பால் மேலே படாமல் இருக்க" என்று சொல்லிக்கொண்டே தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். டீச்சர் அதைக் கூட வெட்டியிருக்கிறார். எனக்கு இப்போது அசல் நகல் கேள்வி எதுவும் இல்லை. ஒன்பதாம் நம்பர் தாளை எடுத்துக்கொண்டேன், இரண்டு தவணையில் தருகிறேன் என்றதற்குச் சரி என்றார்.

எப்படிச் சட்டம் போடுவது? எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் சுவர் வேர்க்கும்.


செதுக்குளி | புதன், காலை 9.00

கண்ணாடி தாளில் ஒட்டக் கூடாது, இதுதான் முக்கியம். சுற்றிலும் தடித்த அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அந்த அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும், சாதா அட்டை சில வருஷத்தில் ஓரத்தில் பழுப்புக் கோடு போட்டுவிடும். பசை தடவி ஒட்ட விடாதீர்கள், மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சின்னத் தாள் கீல் போதும். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், உள்சுவர் நல்லது. சட்டத்தின் பின்னால் கீழ் இரண்டு மூலையிலும் தக்கை வில்லை ஒட்டினால் காற்று போகும், பூஞ்சை வராது. நேர் வெயிலும் வேண்டாம். கறுப்பு மை தாங்கும், மஞ்சள் வெளுக்கலாம்.


கொல்லங்கோட்டு வாசகி | புதன், மாலை 4.30

கரும்பனை தம்பி, அந்தத் திரும்பிய 'ழ' பற்றி ஒன்று. இந்திய மொழி எழுத்தில் முதன்முதலாக அச்சில் வந்தவை தமிழ் எழுத்துகள். 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம், 1578இல் இதே கேரளத்தில் கொல்லத்தில் அச்சானது. ஹென்றிக் ஹென்றிக்ஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் செய்தது. அன்றைக்கு அந்த அச்செழுத்து செதுக்கியவரும் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பித்தான் வெட்டியிருப்பார். எத்தனை 'ழ' தப்பியதோ. டீச்சர் அந்தப் பஸ் போர்டை எடுக்காமல் மாட்டியது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கேரளத்தில் தமிழ் படித்த பிள்ளைகளின் வாழ்க்கை அந்தப் பலகையில்தான் இருக்கிறது. நான் வெள்ளிக்கிழமை வருகிறேன். அந்தப் படம் மிச்சம் இருந்தால் எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்.


கரும்பனை | ஞாயிறு, இரவு 11.20

கண்காட்சி இன்று முடிந்தது. ஐப்பசி மழை கொட்டியும் ஹால் நிறைந்திருந்தது.

டீச்சர் வாக்கை மாற்றவில்லை. 20 தாள் என்று சொல்லி விற்ற பிளாக்குகளைக் கீறினார். எங்கள் முன்னால், ஒவ்வொன்றாக. 'கிழக்குக் காற்று' முறை வந்தபோது வாசகி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். டீச்சர் இரண்டாவது பனையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பிறகு அதே பிளாக்கில் மை ஏற்றி ஒரு தாள் அடித்தார். கீறிய பிளாக்கின் சாட்சித் தாளாம், அப்படி எடுத்து வைப்பது பழைய வழக்கம் என்றார். அதை வாயனசாலைக்கே கொடுத்துவிட்டார். வெள்ளைக் கோடு குறுக்கே ஓடும் அந்தப் பனைமரம் இனி படிக்கட்டுக்கு எதிரிலேயே இருக்கும். வாசகி அக்காவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. டீச்சரிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இதற்காகத்தான் இன்னொன்று வெட்டினேன்" என்றார்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு புது பிளாக். ஒரே ஒரு கரும்பனை, கீழே ஒரு மாங்காய்க் கூடை. இந்த வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். அதற்கு எண்ணும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. பிளாக், ரோலர், கண்ணாடி, சாம்பார் கரண்டி எல்லாம் வாயனசாலையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து தாங்களே அடித்துக்கொள்ளலாம், தாளுக்கும் மைக்கும் 20 ரூபாய். முதல் தாளை மாந்தோப்போடு வந்த அந்த அம்மா அடித்தார். மை அதிகமாகிப் பனையோலை ஒரே கறுப்பாகிவிட்டது. இரண்டாவது நன்றாக விழுந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டார். கம்பாசிட்டர் ஐயா பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்து, தன் 'ஓ'வையும் அடித்துக் காட்டினார். என் மாமா கரண்டி பிடித்துத் தேய்த்தது ஏழு தாள்.

மொத்தம் 63 தாள் ஆயிற்று. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காயாது, காற்றைக் குடித்துத்தான் இறுகும், இந்த ஈரத்தில் நாலைந்து நாள் ஆகும் என்று டீச்சர் சொன்னார். பத்திரிகை வாசிக்கும் அறையில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டிருக்கிறோம். காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் கொஞ்சம் குனிந்து போங்கள். வியாழக்கிழமை வரை யாரும் தொட வேண்டாம்.